பவுன் விலையும் சேரித் திருமணங்களும்

2025ஆம் ஆண்டு தொடங்கியபோது சென்னையில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் 57,000 ரூபாயை ஒட்டி விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அது 90,000 ரூபாயைக் கடந்தது. ஊடகங்கள் இதை முதலீட்டுச் செய்தியாகவும் நகை வாங்குவோரின் அதிர்ச்சியாகவும் வெளியிட்டன. வயல் கூலியும் கட்டட வேலையும் தூய்மைப் பணியும் செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்த விலையேற்றத்தின் பொருள் வேறு. தை மாதம் நடந்த நிச்சயதார்த்தத்தில் ஐந்து பவுன் போடுவதாக ஒப்புக்கொண்ட ஒரு தகப்பன், ஐப்பசி முகூர்த்தத்துக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் கூடுதலாகத் திரட்ட வேண்டியவரானார். வாக்கு பவுனில் கொடுக்கப்படுகிறது. கூலியோ ரூபாயில்தான் வருகிறது.

இத்தகைய காலங்களில் சிக்கனத் திருமணம் குறித்த அறிவுரைகள் பெருகுவது வழக்கம். 2017இல் நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதாகூடக் கொண்டுவரப்பட்டது. திருமணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடுவோர் அதில் பத்து விழுக்காட்டை ஏழைப் பெண்களின் திருமணத்துக்கான நிதிக்கு வழங்க வேண்டும் என்றது அது. சட்டமாகாமல் போன அந்த மசோதாவின் பார்வையைக் கவனிக்க வேண்டும். செல்வர்கள் செலவைக் குறைக்க வேண்டும், ஏழைப் பெண்ணுக்கோ திருமணம் செய்யப் பணம் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்தப் பெண்ணுக்குத் திருமணம் ஏன் இவ்வளவு பணம் கேட்கிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் அதைத் தலித் மக்களிடம் சொல்வதற்கு முன் ஒரு பழைய பட்டியலைப் படித்துவிட வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றுள் ஒன்று, பொன்னாலும் வெள்ளியாலுமான நகைகளை அணியக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. திருமணத்தில் மேளம் வைக்கக் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் இவற்றைப் பதிவு செய்து வைத்ததால்தான் இன்று நம்மால் வாசிக்க முடிகிறது.

வீட்டுக் கதவில் ஊர்வலம் போன மக்களின் பேரப்பிள்ளைகள் அலங்கரித்த காரில் ஊர்வலம் போனால் அதை ஆடம்பரம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் கனத்த வெள்ளி அணிகளைக் கழற்றிவிடச் சொன்னார். அணிவதானால் தங்கம் அணியுங்கள், இல்லையேல் எதையும் அணிய வேண்டாம் என்றார். நகை அங்கே ஒரு சாதி அடையாள அட்டை. அதைக் கிழிப்பதே அவர் கேட்டது.

அந்தத் தடைகள் பழங்கதையாகிவிட்டன என்று சொல்ல வழியில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் திருமண ஊர்வலம் நடத்துவதையும், அதில் குதிரையிலோ வாகனத்திலோ ஏறி வருவதையும் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. சுதந்திரம் பெற்று அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் குதிரையைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும், 2018இல், உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மணமகன் தாக்கூர்கள் வாழும் தெரு வழியாக ஊர்வலம் போவதற்குப் பல மாதங்கள் போராட நேர்ந்தது; நூற்றுக்கணக்கான போலீசார் சூழத்தான் அந்தத் திருமணம் நடந்தது.

ஆக, கொண்டாடும் உரிமையில் நமக்குச் சமரசமில்லை. இதோடு நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம்.

இராமநாதபுரத்துப் பட்டியலை முழுதாக வாசித்தால் நகையும் குதிரையும் அதில் ஒரு பகுதிதான் என்பது தெரியும். ஆதிதிராவிடர்கள் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடக் கூடாது. சொந்த நிலத்தை மிராசுதாரர்களிடம் மலிவாக விற்றுவிட வேண்டும். பிள்ளைகள் படிக்கக் கூடாது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணாக் கூலிக்கு வேலை செய்ய வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் உள்ளவை. தொண்ணூறு ஆண்டுகளில் இவற்றுள் எது தளர்ந்தது? பள்ளிக் கதவு போராட்டத்தால் திறந்தது. தங்கத்தின் மீதான தடை சந்தையால் தகர்ந்தது; நகைக்கடைக்காரர் பவுனுக்குப் பணம் வாங்கும்போது சாதி பார்ப்பதில்லை. நிலத்தின் கதவு மட்டும் ஏறக்குறைய அப்படியே மூடிக்கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். விளைநிலத்தில் அவர்கள் கையிலிருப்பது அந்த விகிதத்துக்கு வெகு கீழே. 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டம் இன்னும் முடியவில்லை.

நிலம் வாங்க முடியாத, தொழில் தொடங்கக் கடன் கிடைக்காத ஒரு மக்கள்திரளுக்குச் சேமிப்பாக அனுமதிக்கப்பட்டது தங்கம் ஒன்றுதான். அதுவும் தானே சேர்வதில்லை. திருமணம் என்ற ஒரே நெருக்கடியில், கடனாகச் சேர்கிறது. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. தங்கம் சேமிப்பு என்று சொல்வோர் அதை வாங்கும் விலையையும் அடகு வைக்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. வாங்கும்போது சேதாரம், செய்கூலி, மூன்று விழுக்காடு சரக்கு சேவை வரி. அடகுக் கடையில் இவை எதற்கும் மதிப்பில்லை. எடைக்கும் தரத்துக்கும் மட்டுமே, அதிலும் ஒரு பகுதிதான் கையில் வரும். கைமாற்று, மகளிர் குழுக் கடன், வாரத் தவணை, கந்துவட்டி எனப் பல வழிகளில் பணம் புரட்டி வாங்கிய நகை, மணமான ஓரிரு ஆண்டுகளிலேயே பிரசவச் செலவுக்கோ கணவனின் கடனுக்கோ அடகுக்குப் போகிறது. வாங்கிய கடனும் நிற்கிறது, அடகுக் கடனும் சேர்கிறது. 2021இல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன்வரை வைத்திருந்த நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்தபோது பலர் மீண்டனர். ஆனால் தெருமுனை அடகுக் கடையில் வைத்தவருக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை.

சேர்த்ததைக் காப்பாற்றுவதும் எளிதல்ல. 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் புகுந்த காவல்படை தொலைக்காட்சிப் பெட்டிகளையும் மின்விசிறிகளையும் உடைத்தது, வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டுகளையும் அழித்தது, நகைகள் பறிபோயின. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டபோதும், நகையும் பணமும் சூறையாடப்பட்ட பிறகே வீடுகள் கொளுத்தப்பட்டதாக மக்கள் கூறினர்.

இந்தத் தங்கத்துக்கு யார் உழைக்கிறார்கள் என்பதற்குச் 'சுமங்கலித் திட்டம்' அளித்த விடையை மறக்க முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் பதின்பருவப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். பெரும்பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆலை வளாகத்து விடுதியில் அடைபட்ட வாழ்க்கை, பன்னிரண்டு மணிநேரம்வரை நீளும் வேலை, இடையில் நின்றுவிட்டால் பறிபோகும் தொகை. முழுதாக முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும். அதுவே திருமணச் செலவுக்கு. 2011 இறுதியில் பவுன் இருபதாயிரத்தை ஒட்டி விற்றது. மூன்றாண்டு இளமையின் விலை ஏறத்தாழ இரண்டு பவுன். சுமங்கலி என்ற சொல்லை அந்தத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் நம் சமூகத்தை நன்றாகவே அறிந்திருந்தார். பெண்ணை நேராக வேலைக்கு அழைத்தால் தயங்கும் பெற்றோர், திருமணத்தின் பெயரால் அழைத்தால் அனுப்பிவைப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறரைக் குற்றம் சாட்டுவதோடு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. தலித் சாதிகள் உட்படத் தமிழகத்தின் உழைக்கும் சாதிகள் பலவற்றில் முன்பு பரிசம் போடும் வழக்கமே இருந்தது. மணமகன் வீட்டார்தான் பெண் வீட்டுக்குக் கொடுத்தார்கள். வயலில் சமமாக உழைத்த பெண்ணை இழக்கும் வீட்டுக்குச் செய்யும் ஈடாகவும் அதைக் காணலாம். அடுத்த தலைமுறைகளில் அது தலைகீழாயிற்று. படிப்பும் இடஒதுக்கீடும் தந்த அரசு வேலையோடு வந்த மாப்பிள்ளைக்கு நம் தெருவிலேயே விலை வைக்கப்பட்டது. கற்பி, ஒன்றுசேர், போராடு என்று மேடையில் முழங்கும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

இந்த விலையை உயர்த்துவது அகமண முறை. 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே, சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் நிறுவினார். பறையர், தேவேந்திரர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே வேலியிட்டுக்கொண்டு, அந்த வேலிக்குள் இருக்கும் சில மாதச் சம்பளக்காரர்களுக்காகப் பல வீடுகள் போட்டியிட்டால் பவுன் கணக்கு ஏறத்தான் செய்யும். வேலியைத் தாண்டுவோருக்கோ கணக்கு வேறு விதமாகத் தீர்க்கப்படுகிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் பொறியியல் மாணவர், வரதட்சணை கேட்காமல் காதலித்து மணந்தவர்.

மோதிரத்துக்கு வருவோம். நிச்சயதார்த்தம் இப்போது மண்டபம், மேடை, ஒளிப்படக் கலைஞர், இரு வீட்டாரும் மாற்றிக்கொள்ளும் மோதிரங்கள் என்று ஒரு குட்டித் திருமணமாகிவிட்டது. வைர மோதிரமில்லாமல் நிச்சயமில்லை என்ற எண்ணம் மேற்கில்கூடத் தொன்மையான மரபன்று. 'டி பீர்ஸ்' வைர நிறுவனம் 1938 முதல் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தி அமெரிக்காவில் வளர்த்தெடுத்தது அது. இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடுவது முறை என்பதும் பின்னாளில் அதன் விளம்பரங்களே கற்பித்த பாடம். நம் ஊர் நகைக்கடைகளின் விளம்பரங்கள் அதே பாடத்தைப் பவுனில் நடத்துகின்றன.

ஆனால் தமிழ்நாட்டில் மோதிரத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. மாணவர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968 முதல் நடைமுறைக்கு வந்த, சுயமரியாதைத் திருமணங்களுக்கான இந்துத் திருமணச் சட்டத் திருத்தம், பிரிவு 7-ஏ, புரோகிதரில்லாத திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' என்ற சொல்லை நாம் தொலைத்துவிட்டோம். மோதிரத்துக்கும் தாலிக்கும் மாற்றாக வாய்ச்சொல்லையே சட்டம் ஏற்றிருக்க, மாலையும் வேண்டும், மோதிரமும் வேண்டும், தாலியும் அதற்கொரு சங்கிலியும் வேண்டும் என்றாக்கிவைத்திருக்கிறோம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இத்திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்று தெளிவுபடுத்தியது. சாதி ஆணவத்துக்கு அஞ்சி ஒளியும் இணையருக்கு அந்தத் தீர்ப்பு உயிர்க்காப்பு.

அரசின் பாதையும் நமக்குப் பாடம்தான். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஐயாயிரம் ரூபாயோடு தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது எட்டு கிராமானது. படிப்பை நிபந்தனையாக்கியது அதன் நன்மை. ஆயினும் பெண் படித்ததற்கான பரிசு தாலித் தங்கமாகவே வந்தது. 2022இல் அத்திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்வி முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகிறது. தாலிக்குத் தங்கம் போயிற்றே என்று அன்று எழுந்த குறைகளை நாம் அறிவோம். எனினும் இந்த மாற்றம் சரியானது. ஆயிரம் ரூபாய் போதாது என்பதே நம் விமர்சனமாக இருக்க வேண்டும். 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர், திருமணம் ஒரு பொறுப்புச் சுமை, அதைத் தாங்கும் பொருள்வலிமை வருமுன் பிள்ளைகள்மேல் திணிக்காதீர்கள் என்றுதான் அன்னையரிடம் கேட்டுக்கொண்டார்.

வரதட்சணை தடைச் சட்டம் 1961இலேயே வந்தது. ஆனால் 2022இல் மட்டும் நாட்டில் 6,450 வரதட்சணைச் சாவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் பதிவாகியுள்ளன. அச்சட்டத்தின் கீழ் 1985இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமக்களுக்குக் கேட்காமல் தரப்படும் பரிசுகளையும் எழுத்துப் பட்டியலாக்கச் சொல்கின்றன: பொருள் எது, தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு, கீழே மணமக்களின் கையொப்பம். பெண்ணின் நகை பெண்ணுடையதே என்று பின்னாளில் வழக்கு மன்றத்தில் நிறுவ இதைவிடத் தெளிவான சான்று இல்லை. நம் தோழர்கள் தலைமை தாங்கி நடத்திவைக்கும் திருமணங்களிலும் மொய் நோட்டு தவறாமல் இருக்கிறது. ஐம்பது ரூபாய் எழுதியவர் பெயரும் ஊரும் அதில் விடாமல் பதிவாகிறது. இந்தப் பட்டியலை அவற்றில் நாம் கண்டதில்லை. வரும் முகூர்த்தங்களில் மொய் எழுதும் மேசையிலேயே அதற்கும் ஒரு நோட்டைப் போடலாம்.