வினாக்கொத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்கு வரட்டும்

தொண்டு நிறுவன முகாமைத்துவம் என்று ஒரு பாடம் இருப்பது எங்கள் வியாபாரிகளில் பலருக்குத் தெரியாது. பட்டம் முடித்த பிள்ளைகள் மேற்கொண்டு படிக்கும் படிப்பு அது. நன்கொடை சேர்ப்பது, சேர்த்ததைப் பங்கிடுவது, கணக்குக் காட்டுவது எல்லாம் அதில் வருகின்றன. நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள், சென்ற றமழானில் தாங்கள் கொடுத்த ஸகாத் பணம் யார் கைக்குப் போய் என்ன ஆனது என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும். கொடுப்பவர்கள் நாங்கள். நாளைக்கு அதை நிர்வகிக்கக் கூடியவர்கள் இந்தப் பிள்ளைகள்.

மாத்தளையில் எனது கடைக்கும் அப்படி ஒரு மாணவர் வந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். கையில் பதினான்கு பக்க வினாக்கொத்து. "உங்கள் சமூகப் பொறுப்புணர்வுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்?" என்பது ஒரு கேள்வி. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பள்ளிவாசல் கடிதத்தோடு மருந்துச் செலவுக்கு உதவி கேட்டு ஒருவர் வந்தார். கடிதத்தில் யார் கையொப்பம் என்று பார்த்தேன். அந்த மஹல்லாவில் தெரிந்த ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டேன். பிறகு, பணத்தைக் கையில் கொடுக்காமல், மருந்தை எடுத்துக் கொடுக்கும்படி பார்மசிக்குச் சொன்னேன். அவ்வளவு நேரமும் அந்தத் தம்பி பேனையைப் பிடித்தபடி, இது எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருந்தார். அவர் படிக்க வந்த பாடமே அதுதான் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் யாரும் இப்படிப் பழகுவதில்லை. மிளகுக் கடையில் சேரும் பையன் முதலில் சாக்குக்குள் கையை விட்டு ஈரம் பார்க்கப் பழகுகிறான். அடுத்தது லீட்டர் எடை. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது வர இரண்டு வருடமாவது எடுக்கும். அதற்குப் புத்தகம் கிடையாது.

தொண்டு வேலைக்கும் இதுவே வழி என்று எங்கள் நாட்டிலேயே ஒருவர் காட்டியிருக்கிறார். கொழும்பு நாலந்தா வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த ஏ.ரி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தனது மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்ற ஊருக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் கீழ்ச்சாதி என்று ஒதுக்கிவைத்த மக்களின் ஊர் அது. அங்கேயே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள். நகரத்துப் பிள்ளைகள் ஒரு கிராமத்தின் தேவையை வகுப்பறையில் அல்ல, முதுகு வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டார்கள். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. வியாபாரிகளுக்கு விளங்கும் கணக்கில் சொல்வதானால், அந்த இயக்கத்தின் கிராமக் கடன் வேலையிலிருந்து வளர்ந்த நிதிக் கம்பனி 2021இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆரியரத்ன 2024இல் காலமானார்.

பங்களாதேஷின் முஹம்மத் யூனுஸும் இப்படித்தான். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர், மாணவர்களோடு பக்கத்து ஜோப்ரா கிராமத்துக்கு இறங்கிப் போனார். 1976இல் அங்கே 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 27 டொலர்தான் என்று கண்டார். கிராமீன் வங்கி அதிலிருந்து பிறந்தது. (அந்த முறையைப் பார்த்து இங்கே நுண்கடன் கொடுக்க வந்தவர்களில் சிலர் வட்டியை மட்டும் படித்துக்கொண்டார்கள், கிராமத்தைப் படிக்கவில்லை. அதன் விளைவை எங்கள் பெண்கள் அனுபவித்தார்கள்.) இந்தியாவின் ஆனந்த் நகரில், அமுல் புகழ் குரியன் 1979இல் தொடங்கிய கிராமிய முகாமைத்துவ நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது படிப்பின் ஒரு பகுதி. விருப்பமிருந்தால் போகலாம் என்ற கதை அங்கே இல்லை.

எங்கள் பக்கத்திலும் தடை இருக்கிறது. வெளியாள் வந்து கணக்கைப் பார்ப்பதா என்று கேட்பார்கள். 1956ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டப்படி பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்கு வைத்தே ஆக வேண்டும். எப்படியும் வைக்க வேண்டிய கணக்கைப் பிள்ளைகள் உதவியோடு ஒழுங்காக வைத்தால் யாருக்கு நட்டம்? உதவி பெறும் குடும்பங்களின் பெயர் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்கு, இரகசியம் காப்பதாக முதல் நாளே எழுதி வாங்கலாம்.

மாத்தளை, உக்குவளை, கலேவெல வர்த்தகர்களுக்கு நான் சொல்வது பெரிய காரியமல்ல. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மாணவர்களை ஆறு மாதத்துக்கு எடுப்போம். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்றால் நல்லது. விதவைகள் வீட்டுக்குப் போய்ப் பேச ஆண் பிள்ளையால் முடியாது. முதல் மூன்று மாதம் ஸகாத் விண்ணப்பங்களை விசாரிக்கட்டும், ஜனாஸா சங்கத்தின் சந்தாவை வீடு வீடாகப் போய்ச் சேர்க்கட்டும். சந்தா கேட்டு நாலு வாசலில் திரும்பி வந்தவருக்குத்தான் நன்கொடை சேர்ப்பது விளங்கும். அடுத்த மூன்று மாதம், சென்ற வருடம் தையல் மெஷினோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்த குடும்பங்களைத் தேடிப் போய், அது ஓடுகிறதா, விற்றுவிட்டார்களா என்று பார்த்து வந்து சபைக்குச் சொல்லட்டும். சொல்வதைக் கேட்க நிர்வாகிகள் ஒரு மணித்தியாலம் உட்கார வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பஸ் காசையும் பகல் சாப்பாட்டையும் கடைகள் பங்கு போட்டுக் கொடுக்கலாம். ஸகாத் பணத்தில் கை வைக்க வேண்டாம், எங்கள் கல்லாவிலிருந்தே கொடுப்போம்.