கச்சானில் எழுதிய வீடு, வாடையில் எண்ணும் தலை

பாம்பன் தீவில் கதவு தட்டி மூன்று முறை மக்கள்தொகைக் கணக்கு எடுத்தவள் நான். 1991, 2001, 2011. மூன்று முறையும் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்துகொண்டே, மாலையிலும் விடுமுறை நாளிலும் நடந்தேன். நாலாவது முறை போக எனக்கு வாய்ப்பில்லை. 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய், இப்போது 2027-க்கு வந்து நிற்கிறது. நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. போக முடியாத ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2011-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

கணக்கெடுப்பு எப்போதும் இரண்டு கட்டம். முதலில் வீட்டைப் பட்டியல் போடுவது, சில மாதம் கழித்து ஆளை எண்ணுவது. 2010-இல் நான் வீட்டுப் பட்டியல் போட்டது கச்சான் காற்று வீசும் காலத்தில். தென்கடல் கொந்தளிக்கும் நேரம் அது. ஜனமெல்லாம் வடகரையில் குடிசை போட்டு இருந்தார்கள். ஒவ்வொரு குடிசையாக எண் எழுதி, வரைபடத்தில் குறித்தேன். அடுத்த பிப்ரவரியில் ஆள் எண்ணப் போனால், அதே வரிசையில் பாதிக்கு மேல் ஆளில்லை. வாசலை ஓலைத் தட்டியால் மறைத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒரு பாட்டி சொன்னார்: "தெக்கே போயிட்டாக டீச்சர். வாடை ஓஞ்சாத்தான் வருவாக."

வாடைக் காற்று வீசும்போது வடகடல் ஆகாது. தென்கடல் அமைதியாக இருக்கும். பாய்மரக் காலத்திலிருந்து நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துத்தான் கரை மாறுகிறார்கள். பிள்ளை, ஆடு, சட்டி பானையோடு போய் வாடி என்கிற தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. இந்தத் தீவில் வளர்ந்தவள். அப்படியிருந்தும், தென்கரைப் பகுதிக்கு வேறொரு ஆசிரியர் இருக்கிறார், அவர் எண்ணிக்கொள்வார் என்று நினைத்து, 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டேன்.

அவர் எண்ணவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கச்சான் காலத்தில் போட்ட அவருடைய பட்டியலில் அந்த வாடிகளே இல்லை. தன் எல்லைக்குள் புதிதாக முளைத்த குடிசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். சாலையிலிருந்து பார்த்தால் சவுக்கும் பனையும்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு குடியிருப்பு இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

சொன்னவர் ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். கணக்கு முடிய இரண்டு நாள் இருக்கும்போது டீக்கடையில் என்னைப் பார்த்து, "அந்த வாடியாட்களை எழுதியாச்சா டீச்சர்?" என்று கேட்டார். குச்சியை எடுத்து மணலில் ஒரு கோடு போட்டார். இது சாலை, இது தொட்டி, இது பைப் முடிகிற இடம். பைப் முடிகிற இடத்துக்கு அப்பால் வரிசையாகப் புள்ளி வைத்தார். பதினெட்டுப் புள்ளி. குடம் தூக்கி வருகிற பெண்களை வைத்தே எந்தக் குடும்பம் எந்த வாடி என்று சொன்னார். நானும் அந்த ஆசிரியரும் அன்று மாலையே அவரோடு போனோம். பதினெட்டும் சரியாக இருந்தது. இரண்டு பேர் கையிலும் இருந்த சுத்தமான இரண்டு பட்டியலுக்கு நடுவே பதினெட்டுக் குடும்பம் தவறிப் போயிருக்கும்.

இந்த முறையும் ஏற்பாடு அதேதான். 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தில், அந்தந்த மாநிலம் குறிக்கும் 30 நாளில் வீட்டுப் பட்டியல். ஆள் எண்ணுவது 2027 பிப்ரவரியில். மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் கணக்குக்கு உரிய நேரம். எங்கள் கரையின் கணக்கில் சொன்னால், வீட்டைக் கச்சானில் எழுதி, தலையை வாடையில் எண்ணப் போகிறோம். இது முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு. காகிதப் படிவம் போய்க் கையில் கைப்பேசி, கட்டடத்துக்குக் கட்டடம் இருப்பிடக் குறி, நாமே நம் விவரத்தைப் பதிந்துகொள்ளும் வசதி எல்லாம் உண்டு. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் கைப்பேசியில் ஏறுவது ஆள் போய் நின்ற இடம் மட்டுமே. ஆள் போகாத வாடி அதிலும் ஏறாது.

அதனால்தான் உள்ளாட்சிகள் இப்போதே உட்கார வேண்டும் என்கிறேன். ஒரு கணக்கெடுப்பாளர் கையில் ஏறத்தாழ 700, 800 பேர். அவருக்குக் கிடைப்பது சில வாரம். ஊராட்சிக்காரர்களோ வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறவர்கள். தொட்டி ஆபரேட்டருக்குத் தண்ணீர் போகும் வாசல் தெரியும். தூய்மைக் காவலருக்குக் குப்பை வரும் வாசல் தெரியும். நூறுநாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளருக்கு யார் ஊரில் இல்லை என்பது தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றும் தெரியும். இவர்களை ஒருநாள் மாலை ஒரு பாயில் உட்காரவைத்துக் கேட்டால், ஊரின் ஓரம் எது, எந்தக் காற்றுக்கு எவர் எங்கே என்று சொல்லிவிடுவார்கள். 1948-ஆம் வருடத்துக் கணக்கெடுப்புச் சட்டமே உள்ளாட்சி அமைப்புகள் கேட்டால் பணியாளர்களைத் தர வேண்டும் என்கிறது. நான் கேட்பது அதைவிடக் கொஞ்சம்தான். ஆளைத் தருவதற்கு முன்னால் தெரிந்ததைத் தாருங்கள்.

இதில் ஒரு வேறுபாடு கவனிக்க வேண்டியது. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் கணக்கெடுப்பின் பொறுப்பு அதிகாரி அந்த அமைப்பின் ஆணையர் அல்லது செயல் அலுவலரே. ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி, ராமநாதபுரம் நகராட்சிகளிலும் மண்டபம் பேரூராட்சியிலும் உள்ளாட்சி தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. கிராமத்தில் அப்படி இல்லை. அங்கே பொறுப்பு வட்டாட்சியருக்கு. பாம்பனும் தங்கச்சிமடமும் பார்த்தால் டவுன் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் மண்டபம் ஒன்றியத்து ஊராட்சிகள். ஊராட்சிக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி உண்டா என்பது வட்டாட்சியரின் மனதைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, நம் ராமநாதபுரம் மாவட்டம் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஒன்று. அந்தத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. கையெழுத்துப் போட அதிகாரி இருப்பார். ஆனால் "எங்க வார்டுல நாலு வீடு விட்டுப்போச்சு" என்று யாரிடம் போய்ச் சொல்வது? முன்னாள் வார்டு உறுப்பினர்களையாவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பதவி போயிருக்கலாம், தெருவைப் பற்றித் தெரிந்தது போகாது.

விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: 2011 கணக்கில் நம் மாவட்டம் 13,53,445 பேர், ராமேஸ்வரம் நகரம் 44,856 பேர். இன்றுவரை அந்த எண்ணை வைத்துத்தான் நிதிக்குழு மானியமும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அளவும், உள்ளாட்சியில் பட்டியலினத்தவர் வார்டும் தீர்மானமாகின்றன. 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்று கணக்குப் போடுவதும் அதை வைத்துத்தான். 2011 கோடையில் பிறந்த பிள்ளை 2027-இல் பதினாறை நெருங்கியிருக்கும். இந்த நாட்டின் எந்தக் கணக்கெடுப்பிலும் அதன் தலை விழுந்ததில்லை. வாடியில் இருக்கும் பிள்ளை இந்த முறையும் விட்டுப்போனால், வளர்ந்து ஆளாகி, கல்யாணம் ஆன பிறகுதான் எண்ணப்படும்.

காற்று மட்டும் காரணமில்லை. பிப்ரவரி மாதமே எங்கள் பக்கம் ஆள் கலைந்து கிடக்கும் மாதம். சம்பா அறுப்பு முடிந்ததும் மாவட்டத்தின் உள்பகுதிக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சைப் பக்கம் கிடை போடப் போய்விடுவார்கள். கூடவே மனைவி மக்களும். ஊரில் வீடு பூட்டியிருக்கும், அங்கே அவர்கள் யாரோ ஒருவரின் வயலில் இருப்பார்கள். கருவேலங்கட்டை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் மூட்டத்துப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்கள். விசைப்படகுக்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகிறவர்கள். அவர்கள் வீட்டுக்கு எந்த நாளில் போனால் ஆள் இருக்கும் என்பதை மீனவச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளையை எழுதலாமா கூடாதா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்கும் தாய் ஒவ்வொரு கரையிலும் இருப்பாள். அந்தக் கேள்விக்குப் பதிலைப் பயிற்சியிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். வாசலில் நின்று யோசிக்கிற கேள்வி இல்லை அது.

2027-இல் ரமலான் நோன்பும், பிறைக் கணக்குப்படி, பிப்ரவரியில்தான் வருகிறது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நோன்பு திறக்கிற நேரத்தில் போய்க் கதவைத் தட்டினால் யார் பதில் சொல்வார்கள்? முற்பகலில் போக வேண்டும். ஜமாஅத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இன்னொன்றும் அங்கே சொல்லியாக வேண்டும். எண்ணும் காலம் முழுக்கத் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறவரை இங்கே சேர்க்கக் கூடாது. "அவுகதானே குடும்பத் தலைவரு, அவுகளை விட்டுட்டு எப்படி?" என்று லாத்தாமார்கள் மனம் வருந்திக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பெயரை நீக்குவது போலத் தோன்றும். அப்படி இல்லை என்று, தெரிந்தவர் வாயால் வந்தால்தான் ஏறும்.

பயம் என்பது இதைவிடப் பெரிய தடை. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்து அதிக நாள் ஆகவில்லை. இப்போதுதானே எழுதிக்கொண்டு போனார்கள், எதற்கு மறுபடி என்பார்கள். புறம்போக்கில் இருப்பவருக்கு, எண் எழுதினால் அடுத்து இடிக்க வருவார்களோ என்ற பயம். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவருக்கு, நாம் இந்தக் கணக்கில் சேர்வோமா என்ற தயக்கம். சட்டம் இதில் தெளிவு. ஒருவர் கணக்கெடுப்பில் சொன்னதை வேறு யாரும் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. எண்ணப்படுவது இங்கே குடியிருப்பவர். அவர் பட்டா வைத்திருப்பவரா, எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் எண்ணுவதற்குத் தடையில்லை. இந்த முறை சாதியும் கேட்கப் போகிறார்கள். எங்கள் கரையில் ஒரே தெருவில் ஒரே சாதியை மூன்று பெயரில் சொல்வார்கள். அதையும் முன்னதாகவே பேசித் தெளிவுபடுத்தியிருந்தால் வாசலில் சங்கடம் இருக்காது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி உண்டு. வழக்கப்படி சொல்லக் கூடாத பெயரை, கணவர் பெயரை, ஒரு பெண் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 2001-இல் ஒரு பெண்ணிடம் கணவர் பெயர் கேட்டேன். சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். மகன் பள்ளிக்கூடத்தில், மாமியார் காது கேட்காதவர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போனார். ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் அணியத்தில் நீலப் பெயின்டில் பெயர் எழுதியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும், "எம்பேரையும் எழுதுனீகளா டீச்சர்?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1961 கணக்கில் என் பெற்றோர் அங்கே இருந்தார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அது வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு சொல்லிவிட்டது. 1971-இல் நாங்கள் ராமேஸ்வரத்துக் கணக்கு. ஆனால் கடல் விட்ட இடத்தில் மறுபடி ஓலைக் குடிசை போட்டு இருக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் சுற்றுலாக்காரர்கள் குவிகிறார்கள், கடைகள் கூடிவிட்டன. அந்தக் கடைக்காரர்களில் இரவு தங்குகிறவர் யார், மாலையில் டவுனுக்குத் திரும்புகிறவர் யார்? ஆபீசில் உட்கார்ந்து இதைப் பிரிக்க முடியாது. ராமேஸ்வரம் நகரத்திலோ, கணக்கின் கடைசி இரவில் வீடற்றவர்களை எண்ண வேண்டும். அக்னி தீர்த்தக் கரையிலும் ரத வீதித் திண்ணைகளிலும் படுத்திருப்பவரில் நேற்று வந்த யாத்திரிகர் யார், பத்து வருடமாக அங்கேயே கிடப்பவர் யார் என்று விடியற்காலையில் பெருக்க வருகிற தூய்மைப் பணியாளருக்குத்தான் தெரியும். அன்று இரவு அவர் கணக்கெடுப்பாளரோடு நடக்க வேண்டும். அதற்கு உரிய சம்பளத்தோடு.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் ஐந்து வருடமும் கணக்கு முடிகிற சமயத்திலேயே, மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. கடைசி மாதம் என்று கவுன்சிலர்கள் சோர்ந்துவிடக் கூடாது. கிராமங்களுக்கோ நாள் வசதியாக அமைந்திருக்கிறது. 2027 ஜனவரி 26 கிராம சபை, எண்ணத் தொடங்குவதற்குச் சரியாக முன்னால் வருகிறது. அன்றைக்குப் பொருள் பட்டியலில் இதைச் சேர்த்து, ஊரின் தெருக்களையும் வாடி போடும் இடங்களையும் உரக்க வாசிக்கட்டும். ஆள் பெயர் வேண்டாம், இடம் போதும். விட்டுப்போன இடத்தை உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள்.

எங்கள் ஊராட்சிக்கு ஒரு பட்டியலை நானே தொடங்கியிருக்கிறேன். அன்று மணலில் புள்ளி வைத்த ஆபரேட்டர் இப்போது ஓய்வில் இருக்கிறார், முழங்கால் வலி. போன வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். வடகரையில் நாலு இடம், தென்கரையில் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் காற்றில் ஆள் இருக்கும் என்று குறித்திருக்கிறோம். தென்கரையின் ஆறாவது இடம் அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்ததாம், அவருக்கே பழக்கமில்லை. இப்போதைய ஆபரேட்டர் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட வருவார், அந்த நேரத்தில் போய்க் கேளுங்கள் என்றார்.