அழிக்க இயலாத எழுத்து

சென்ற மாதம் நமது அலமாரியை ஒழுங்கு செய்கையில், 2003-ஆம் ஆண்டில் தமக்கையார் மகள் புதுநன்மை வாங்கிய விழாவின் சி.டி. அகப்பட்டது. ஆவலோடு கருவியில் இட்டோம். பாதி விழா வரை படம் நன்றாகவே ஓடிற்று. பின்னர் உறைந்து நின்றுவிட்டது. தகட்டின் பளபளப்பான அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு கீறலும் இல்லை. அங்ஙனமாயின் பழுது எங்கே?

கடையில் விற்கும் பாட்டுத் தகட்டில், ஒலியைக் குறிக்கும் நுண்குழிகள் தொழிற்சாலையிலேயே அச்சாகிவிடுகின்றன. நாமே பதிந்துகொள்ளும் தகடு வேறு வகை. இதற்கான விதிமுறைகளைப் பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1988-இல் வகுத்தன. ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் சாயம் பூசிய தகட்டை உருவாக்கிற்று. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் வட்டு, அதன்மேல் சாயம், சாயத்தின்மேல் வெள்ளி அல்லது பொன்னின் மெல்லிய படலம், அதன்மேல் வார்னிஷ் போன்றதொரு பூச்சு. இவ்வளவே அதன் அமைப்பு. லேசர் கதிர் சுட்ட இடத்தில் சாயத்தின் இயல்பு மாறி, ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. கருவி அதனைக் குழியென்றே படிக்கும். சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே எழுதியதை அழித்து வேறு எழுத வழியில்லை. திருத்தலாகாத பதிவேடுகளுக்கு இத்தகடு விரும்பப்பட்டதன் காரணம் இதுவே.

மனிதன் திருத்த இயலாததை வெயில் திருத்திவிடுகிறது! சாயமல்லவா? ஒளியும் வெப்பமும் அதனை மெல்ல மங்கச் செய்யும். நமது அலமாரியோ சன்னலை ஒட்டியது.

மற்றொரு குற்றமும் நம்முடையதே. அடிப்புறத்தைக் கண்போல் காக்கும் நாம், பெயர் எழுதும் மேற்புறத்தைப் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் மேற்புறமே மென்மையானது. வெள்ளிப் படலம் அந்தப் பூச்சின் அடியிலேயே உள்ளது. தகட்டை விளக்கின் எதிரே பிடித்தோம். வெளி விளிம்பை ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்த பெயரின் மீது, ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. பதிவு உட்புறம் தொடங்கி வெளிநோக்கிச் சுருளாகச் செல்வது. முன்பாதி பிழைத்ததும் பின்பாதி போனதும் அதனாலேதான். (டி.வி.டி.யில் பதிவுப்படலம் இரு வட்டுகளுக்கு நடுவே இருப்பதால் பேனா அவ்வளவு எளிதில் அதனை எட்டாது.) எழுதியே ஆகவேண்டுமெனில், நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தில் மெத்தென்ற முனையுள்ள மார்க்கரால் எழுதுங்கள்.

தையோ யூடன் 2015-இல் இத்தொழிலை விட்டது. சோனி, பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்திற்று. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு இடும் வாயிலே இல்லை, யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிக்கருவி தேவை. உங்கள் இல்லத்துத் திருமணத் தகடு இன்று ஓடுகிறதெனில், இன்றே இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

தமக்கையாரிடம் அன்று ஒரு மறுபிரதி கொடுத்திருந்தோம். அவர் அதன்மேல் ஒன்றும் எழுதாமல், இரும்புப் பீரோவில் சேலைகளுக்கிடையே வைத்திருந்தார். அதில் விழா முழுவதும் இருந்தது.