அரியணையும் அன்னையும்



பஞ்சாபின் இறுதி மன்னர் மகாராஜா துலீப் சிங்கின் வரலாற்றைக் கூறும் ‘தி பிளாக் பிரின்ஸ்’ என்னும் திரைப்படம் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கவி ராஸ் இயக்கிய அப்படத்தில் சதீந்தர் சர்தாஜ் மன்னராகவும், சபானா ஆஸ்மி அன்னை ராணி ஜிந்தனாகவும் நடித்துள்ளனர். அரியணையும் கோகினூர் வைரமும் பறிபோன கதை என்றே பலரும் இதனைக் கூறுவர். அவற்றினும் பெரியதோர் இழப்பை இப்படம் உணர்த்துகிறது என்பதே என் கருத்து.

ஐந்து வயதில் முடிசூடிய அச்சிறுவரிடமிருந்து 1847-இல் அன்னை பிரிக்கப்பட்டார். 1849-இல், பத்தே வயதில், நாட்டையும் வைரத்தையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் அவர் கையொப்பமிட வைக்கப்பட்டார். பின்னர் டாக்டர் ஜான் லோகின் என்பவர் அவரை வளர்த்தார், அன்போடுதான் வளர்த்தார். ஆயினும் 1853-இல் சமயம் மாறிற்று; மறு ஆண்டில் இங்கிலாந்தே இல்லமாயிற்று. வாளெடுத்து வெல்வதினும் எளிதாக, ஒரு குழந்தையை அதன் வேரினின்று பிரித்துவிடலாம் என்பதற்கு இதுவே சான்று.

1861-இல் கல்கத்தாவில் தாயும் மகனும் மீண்டும் சந்தித்தனர். கண்பார்வை மங்கியிருந்த அத்தாய், தாம் மறைந்த 1863 வரை தம் குலத்தின் வரலாற்றை மகனுக்கு எடுத்துரைத்தார். அச்சொற்கள் வீண்போகவில்லை. 1886-இல் தாயகம் திரும்பப் புறப்பட்ட துலீப் சிங் ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டார். அங்கேயே மீண்டும் சீக்கிய சமயத்தைத் தழுவினார். 1893-இல் பாரிஸில் காலமானார். தாய்மண்ணில் வாழும் பேறு அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை.

அப்படியாயின் ஆங்கிலக் கல்வி தீதா? அன்று. 1882-இல் தம் உரிமையைக் கேட்டு லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு அவர் எழுதியது அவ்வாங்கிலத்தில்தான். பிறமொழி கற்றது குறையன்று; தாயின் குரல் கேளாமற்போனதே குறை.

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுக்கு அரியணை இல்லை, அன்னை இருக்கிறாள். அவர்கள் மலாயும் ஆங்கிலமும் செவ்வனே கற்கட்டும். எனினும், வேலைக் களைப்பிடையேயும் நாள்தோறும் சிறிது நேரம் அவர்களோடு தமிழில் பேசுங்கள். பால்மரக் காட்டில் பாட்டனார் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். படிப்பறிவு போதாதே என்று தயங்க வேண்டா. துலீப் சிங்கின் உள்ளத்தை மீட்டது ஏடன்று, தாயின் வாய்ச்சொல்லே.