அடிச்சேற்றையும் சோதிக்க வேண்டும்

கடலோர நீரில் வந்து கலக்கும் காரீயம், செம்பு, துத்தநாகம், பாதரசம் ஆகியவற்றின் பெரும்பகுதி நீரிலேயே தங்குவதில்லை. அடிச்சேற்றில் போய்ப் படிகிறது. நீரை மட்டும் அள்ளிச் சோதித்துக் கடல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வது அரைகுறைச் சான்று. காரைக்கால் மாவட்டம் கோட்டுச்சேரிமேட்டுக் கடலில் சேற்றுச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்.

இவ்வூருக்கு வடக்கே நண்டலாறும் தெற்கே அரசலாறும் கடலில் சேர்கின்றன. காவிரியின் கடைமடை இது. வயலில் இட்ட உரத்தின் எச்சமும் ஊர்ச் சாக்கடையும் வாய்க்கால் வழியே கடைசியில் இங்கேதான் வந்து சேரும். பாஸ்பேட் உரத்தில் கேட்மியம் இயல்பாகவே சிறிது கலந்திருக்கும். படகின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டில் செம்பு உண்டு.

இந்த உலோகங்கள் ஒட்டிவரும், ஆற்றுநீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று விலக்கி நிற்பவை. முகத்துவாரத்தில் உப்பு அந்த விலக்கத்தைத் தணிக்க, அவை ஒட்டித் திரள்கின்றன. கரைந்து வந்த இரும்பும் கூழாகத் திரண்டு மற்ற உலோகங்களைப் பற்றிக்கொள்கிறது. 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தனித்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய 3 நாள் ஆகும். திரள் அதைவிடப் பல மடங்கு விரைவாக இறங்கும். எல்லா உலோகமும் இப்படியல்ல. காரீயம் துகளை இறுகப் பற்றும். கேட்மியமோ கடல்நீரின் குளோரைடோடு சேர்ந்து, துகளைவிட்டு நீருக்குத் திரும்பும்.

படிந்ததோடு கதை முடிவதில்லை. சேற்றின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அங்கே இரும்பு ஆக்சைடு கரைந்து, பற்றியிருந்த உலோகத்தை விடுகிறது. பாக்டீரியா உண்டாக்கும் சல்பைடு அதை மறுபடி பிணைக்கிறது. வாடைக்காற்றோ, 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயலோ, தூர்வாரும் இயந்திரமோ சேற்றைக் கலக்கினால் சல்பைடு ஆக்சிஜனைச் சந்தித்துச் சிதையும். உலோகம் மீண்டும் வெளியேறும். நண்டும் மட்டியும் மேய்வது இந்தச் சேற்றில்தான்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஓர் ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனும் சிப்பியும் உண்டவர்களுக்கு வந்த நோய் 1956-இல்தான் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. விரிகுடாச் சேற்றை அகற்றித் தூர்த்த வேலை முடிய 1990 ஆயிற்று. கோட்டுச்சேரிமேட்டின் நிலை அதுவென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நஞ்சு எங்கே தேங்கும் என்பதை அந்த மக்கள் உயிரைக் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

சோதனை என்றாலே மீன் விலை சரியுமோ என்று மீனவர்கள் அஞ்சுவது நியாயமே. களிமண் மிகுந்த சேற்றில் உலோகம் இயற்கையாகவே கூடுதலாக இருக்கும். ஒற்றை எண்ணை வெளியிட்டால் வீண் பீதிதான் மிஞ்சும். ஆகவே களிமண்ணின் அளவைக் காட்டும் அலுமினியத்தோடு ஒப்பிட்ட விகிதம் வேண்டும். குழாய் செருகி எடுக்கும் ஆழமான சேற்றுப்படிவம் பழங்கால இயல்பளவைக் காட்டும்.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் கடலோரத்தை ஐந்து வகையாகப் பிரித்துத் தர அளவு வகுத்தன; ஆனால் அவை நீருக்கானவை. சேற்றுக்கும் அளவு வகுப்பது மத்திய அரசின் பொறுப்பு. அதுவரை புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் துணையோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இரு முகத்துவாரங்களிலும் கோட்டுச்சேரிமேட்டுக் கடலிலும் சேறெடுத்துச் சோதித்து, முடிவை மீனவப் பஞ்சாயத்துக்குத் தமிழில் தரவேண்டும். அந்த முடிவு வரும்முன் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலோ வாஞ்சூர் துறைமுகத்திலோ தூர்வாரிய சேற்றைக் கடலில் கொட்ட அனுமதிக்கக் கூடாது.