கேள்வி கேட்கவும் பழகுவோம்

பிரெஞ்சுப் பேச்சுப் பரீட்சை என்றதும் எமது மாணவிகள் ஒரு கொப்பியை எடுத்து, பெயர், வயது, குடும்பம், பொழுதுபோக்கு என்று பதில்களை எழுதிப் பாடமாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெற்றோரும், பிள்ளை படிக்கிறாள் என்று நிம்மதியடைகிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி வீண் என்பதே என் கருத்து.

பிரான்சின் கல்வி அமைச்சு வழங்கும் டெல்ஃப் சான்றிதழின் முதற்படியான ஏ1 பரீட்சையைப் பாருங்கள். ஆயத்தத்துக்கு 10 நிமிடங்கள். பேச்சு 5 முதல் 7 நிமிடங்கள். முதலில் பரீட்சகர் கேட்பார், மாணவி தன்னைப் பற்றிச் சொல்வாள். அது ஒரு நிமிடமளவில் முடிந்துவிடும். அடுத்து, சொற்கள் எழுதிய சிறு அட்டைகள். ‘விடுமுறை’ என்று இருந்தால், அதை வைத்து மாணவிதான் பரீட்சகரிடம் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் பரீட்சகர் கடைக்காரராவார். மாணவி விலை விசாரித்துப் பொருள் வாங்க வேண்டும். பாடமாக்கிய கொப்பி முதல் நிமிடத்தோடு தீர்ந்துபோகிறது. பேச்சுக்குரிய 25 புள்ளிகளில் 5 கூட எடுக்காவிட்டால், மொத்தம் 50ஐத் தாண்டியிருந்தாலும் சித்தியில்லை. எழுத்தில் கெட்டிக்காரியான பிள்ளை வாய் திறக்காததால் தோற்றுப்போகலாம்.

கேள்வி கேட்பது ஏன் இவ்வளவு கடினம்? மொழி மட்டும் காரணமல்ல. வகுப்பில் ஆசிரியை கேட்பார், பிள்ளை பதில் சொல்லும். வீட்டிலும் அப்படித்தான். திருப்பிக் கேட்பவளுக்கு ‘வாய்க்காரி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பிறகு முன்பின் அறியாத ஒருவருக்கு முன்னால் உட்காரவைத்து, “இப்போது கேள்” என்றால் என்ன செய்வாள்? மரியாதையோடு கேட்பதும் அதபுதானே.

எமக்குச் சாதகமானவையும் உண்டு. பரீட்சகரை ‘து’ என்று அழைக்காமல் ‘வூ’ என்று அழைக்க வேண்டும் என்பதை, நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு விளக்கத் தேவையில்லை. தொண்டையில் பிறக்கும் பிரெஞ்சு ‘ர’ ஓசை அரபு ‘கைன்’ எழுத்துக்கு மிக நெருக்கமானது. மூக்கால் வரும் உயிரொலிகளும் தஜ்வீதில் குன்னா பழகிய நாவுக்கு முற்றிலும் அந்நியமல்ல. குர்ஆன் மத்ரஸாவில் பெற்ற பயிற்சி இங்கேயும் கைகொடுக்கும் என்று எத்தனை பேர் நினைத்திருப்போம்!

பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேசையில் நான்கு பழங்களை வைத்து உம்மா கடைக்காரியாகட்டும். மகள் பிரெஞ்சில் விலை கேட்கட்டும். உம்மா விரலால் காட்ட, அவள் அதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லட்டும். தம்பி சிரித்தால் சிரிக்கட்டும். அந்நியர் முன் வரும் கூச்சம் அங்கேயே பாதி போய்விடும்.

இன்னொன்று. விளங்காதபோது தலையாட்டிச் சமாளிக்கக் கூடாது. எதிரிலிருப்பவர் மெதுவாகப் பேசி உதவுவார் என்பது ஏ1 நிலையின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. ஆகவே, “பூவே வூ ரெபெத்தே, சில் வூ ப்ளே?” – தயவுசெய்து மீண்டும் சொல்வீர்களா? – என்பதைத்தான் முதலில் பாடமாக்க வேண்டும்.