ஏலியின் ஆசனம்

பெற்றோரே, நம் எல்லார் மேலும் எனக்கு ஒரு வருத்தம். வேதத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றி வருகிற வசனங்களையெல்லாம் பிள்ளைகளை மிரட்டுவதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம். பொய் சொன்னால் நரகம். ஓய்வுநாள் பள்ளிக்குப் போகாவிட்டால் இயேசப்பா அடிப்பார். பூச்சாண்டி பார்த்த வேலையை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டோம். ஆனால் 1 சாமுவேல் புத்தகத்தைத் திறந்தால், முதல் தண்டனைச் செய்தி சீலோவில் ஆசாரியனாகிய ஏலி என்ற ஒரு தகப்பனைத் தேடித்தான் வருகிறது.

கதை தெரிந்ததுதான். ஏலியிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேலை இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் வரைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிவிடுவோம். அந்தக் குரல் என்ன சொன்னது என்பதற்குள் போவதில்லை. போனால் சங்கடம் நமக்கு. ஏலியின் வீட்டாரை என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் அந்தச் செய்தி.

ஏலி மகன்களைக் கண்டிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் 2-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசிக்கவேண்டும். கண்டித்தார். நன்றாகவே புத்தி சொன்னார். ஓப்னியும் பினெகாசும் பலியின் கொழுப்பைத் தகனிக்கும் முன்னே பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாய் எடுப்போம் என்று ஆள்விட்டு மிரட்டினார்கள். தகப்பன் புத்தி சொன்னதோடு சரி. அவர்களை ஆசாரிய வேலையிலிருந்து விலக்கியதாக எங்கும் இல்லை. அதைவிடக் கசப்பானது 29-ஆம் வசனத்தில் இருக்கிறது. பிள்ளைகளை என்னைவிட மதித்தாய் என்று ஒருமையில் பேசுகிற கர்த்தர், காணிக்கையில் சிறந்ததைத் தின்று கொழுத்தவர்களைச் சொல்லும்போது பன்மைக்கு மாறுகிறார். அந்தப் பந்தியில் ஏலிக்கும் இலை விழுந்திருக்கிறது.

நம் வீடுகளுக்கு வருவோம். மகன் கமிஷன் வாங்கிக் கட்டிய மாடிக்கு ஜெபம் பண்ணிப் பால் காய்ச்சுகிறோம். ‘நாங்களாகக் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்’ என்று சொல்லி, மருமகள் வீட்டார் கொடுத்த காரின் கண்ணாடியில் ‘இயேசுவின் பரிசு’ என்று ஒட்டுகிறோம். (இயேசு கொடுத்தாரா, கடன் வாங்கி அந்தச் சம்பந்தி கொடுத்தாரா?) என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகனின் கல்லூரி புராஜெக்டை ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கினோம். ‘இதெல்லாம் தப்புடா’ என்று அவனுக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தேன். மதிப்பெண் வந்ததும் சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னதும் நான்தான்.

ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் மட்டும் நமக்கு வாய் நீளும். சாமுவேலின் தாய் அன்னாள் பிள்ளைக்காக உதடு அசைய அழுது ஜெபித்ததைப் பார்த்த உடனே, குடித்திருக்கிறாய் என்று அதட்டினவரும் இதே ஏலிதான். திடப்படுத்தல் வகுப்பில் அடுத்த வீட்டுப் பெண்ணின் உடுப்பைப் பற்றி நாம் பேசுகிற பேச்சு அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

எச்சரிப்பு என்பது அவகாசமும்தான். யோனா எச்சரித்த நினிவேக்கு 40 நாள் கிடைத்தது. அதன் ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்து, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். ஏலிக்கு எச்சரிப்பு இரண்டு முறை வந்தது: ஒரு தேவமனிதன் வந்து ஒரு முறை, சாமுவேல் மூலம் ஒரு முறை. கேட்டுவிட்டு, கர்த்தர் தம் பார்வைக்கு நலமானதைச் செய்யட்டும் என்று பக்தியோடு சொன்னார். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல் அதிகாரத்தில் அவரை நாம் பார்ப்பதும் ஆசனத்தில்தான். 98 வயதில், மகன்கள் இருவரும் போரில் செத்தார்கள், தேவனுடைய பெட்டி பிடிபட்டது என்று கேட்டு, பருத்த உடம்போடு பின்னால் சாய்ந்து விழுந்து கழுத்து முறிந்ததும் ஆசனத்திலிருந்துதான்.

எழுந்திருக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கமிஷனைத் திருப்பிக் கொடுப்பது, சம்பந்தியைக் கூப்பிட்டுக் காரின் சாவியை நீட்டுவது, மகன் முன்னால் ‘நான் செய்தது தப்பு’ என்பது: மூன்றும் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. நான் இன்னும் மூன்றாவதையே செய்யவில்லை.

நல்ல குடும்பம், நமக்கு இது வராது என்பவர்கள் 8-ஆம் அதிகாரம் வரை போங்கள். பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாயிருந்து பரிதானம் வாங்கிய யோவேலும் அபியாவும் யாருடைய பிள்ளைகள்? அந்த இரவில் ஏலியைப் பற்றிய செய்தியைக் கேட்டு, அதை அவரிடம் சொல்லப் பயந்து, விடியும்வரை படுத்துக்கிடந்த அந்தச் சிறுவனுடைய பிள்ளைகள்.